பிள்ளைகள் வரும் வாரம்: அயோவா பண்ணை வீட்டைத் தயார் செய்வது எப்படி

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா, நெப்ராஸ்கா பக்கத்துப் பண்ணை வீடுகளில் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாக வெளியூர் போன பிறகு மிஞ்சுவது இரண்டு பேர். ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, அடுப்படி மேசையில் ஒரு ஓரம்; புழக்கம் அவ்வளவுதான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரத்தில் மகன் வீட்டார் நாலு பேர், மகள் வீட்டார் நாலு பேர் வந்து இறங்கியதும் அதே வீடு ஒரே ராத்திரியில் பத்துப் பேரைத் தாங்க வேண்டியிருக்கிறது. வீட்டார் கவலையெல்லாம் சமையலைச் சுற்றியே இருக்கும். ஆனால் பண்டிகையைக் கெடுப்பது பெரும்பாலும் செப்டிக் டேங்க், வெந்நீர், காஸ், சாலை இந்த நாலில் ஒன்று. கடைக்கு முப்பது மைல் போக வேண்டும், பிளம்பர் திங்கட்கிழமைதான் வருவார் என்கிற இடத்தில் இவற்றை அக்டோபரிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தேதி

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் மாதத்து நான்காவது வியாழன். கல்யாணமான பிள்ளைகளுக்குச் சம்பந்தி வீடும் உண்டு என்பதால், செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். "வியாழக்கிழமை வருவீர்களா?" என்று கேட்டால் ஒரு பக்கத்துக்குச் சங்கடம். "இந்த வருஷம் எந்த நாள் உங்களுக்குத் தோது?" என்று கேட்டால் பேச்சு சுலபமாக முடியும். பண்டிகையின் பெரிய வான்கோழிச் சாப்பாட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கும் வீடுகள் நிறைய. வான்கோழிக்குக் கிழமை தெரியாது. மழையால் மக்காச்சோள அறுவடை இழுத்துக்கொண்டு போன வருஷமென்றால், அப்பா அந்த வாரமும் கம்பைன் அறுவடை இயந்திரத்தில்தான் இருப்பார் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு தெரிந்தால் மனத்தாங்கல்.

செப்டிக் டேங்கும் கிணறும்

ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கு நகராட்சிக் குழாயும் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து வடிகால் வயலில் புதைத்த குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. வடிவமைக்கும்போது ஒரு படுக்கையறைக்கு நாளுக்கு 150 கேலன் என்று கணக்குப் போடுவது பரவலான வழக்கம். மூன்று படுக்கையறை வீட்டுக்கு 450 கேலன், அதாவது சுமார் 1,700 லிட்டர். பத்துப் பேர் தலைக்கு 50 கேலன் புழங்கினாலே 500 ஆகிவிடும். இதில் துணி துவைத்தல் சேரவில்லை. மேலே மூடி திறக்கும் பழைய வாஷிங் மெஷின் ஒரு தடவைக்கு 30 முதல் 40 கேலன் வரை குடிக்கும்.

மூன்று நாலு நாளைக்கு இந்தச் சுமையை நல்ல நிலையில் உள்ள டேங்க் தாங்கிவிடும். கசடு நிறைந்த டேங்க் தாங்காது. மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது பொது விதி. கடைசியாக எப்போது எடுத்தோம் என்று நினைவில்லையென்றால், எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மண் உறைவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். டிசம்பரில் புதைந்திருக்கும் மூடியைத் தேடி உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைப்பது வேண்டாத வேலை. டேங்கின் வெளிவாயில் வடிகட்டி இருந்தால் அதையும் அப்போதே கழுவச் சொல்லுங்கள். விருந்தாளிகள் இருக்கும்போது கழிப்பறையில் தண்ணீர் மெல்ல இறங்கி, தரைமட்ட வடிகாலில் குமிழி வந்தால் பல சமயம் அடைத்திருப்பது அந்த வடிகட்டிதான்.

வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: கழிப்பறைக்குள் தாளைத் தவிர எதுவும் போடக் கூடாது. "ஃப்ளஷ் செய்யலாம்" என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஈரத் துடைப்பானும் கூடாது. அது செப்டிக்கில் கரையாது. நகரத்தில் வளர்ந்த மருமகனுக்கோ மருமகளுக்கோ இது தெரிந்திருக்க நியாயமில்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கழிப்பறைத் தொட்டியின் மேல் ஒரு சின்னச் சீட்டும் பக்கத்தில் மூடிபோட்ட குப்பைக் கூடையும் போதும். கொழுப்பும் எண்ணெயும் சிங்க்கில் இறங்கக் கூடாது. இந்தப் பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டில் வான்கோழிக்குப் பதில் பிரியாணி அண்டா ஏறினாலும் இந்த விதி மாறாது. எண்ணெயைக் காப்பித்தூள் டப்பாவில் ஊற்றி உறைய விட்டுக் குப்பையில் போடுங்கள்.

கார்களை எங்கே நிறுத்துவது என்பதும் இதோடு சேர்ந்த சங்கதி. வீட்டுப் பக்கத்தில் சமதளமாகத் தெரியும் புல்வெளி வடிகால் வயலாக இருக்கலாம். வண்டி ஏறினால் மண்ணும் பனியும் இறுகி, குளிர் ஆழமாக இறங்கி, குழாய் உறைந்துவிடும். தளர்ந்த பனிதான் அதற்குப் போர்வை. நாலு கொடிக் குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

மாடியில் ஆறு மாதமாகப் புழங்காத குளியலறையில் கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். சிங்க்குக்கும் தொட்டிக்கும் கீழே வளைந்திருக்கும் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பேஸ்மென்ட் தரை வடிகாலை மறந்துவிடாதீர்கள். குழாய்களையும் சில நிமிஷம் திறந்து விட்டுத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள்.

கடின நீரை மென்மையாக்கும் மென்னீர் இயந்திரத்தில் உப்பு பாதிக்குக் கீழே இருந்தால் நிரப்பி வையுங்கள். பத்துப் பேர் புழங்கினால் அது அடிக்கடி தன்னைக் கழுவிக்கொள்ளும். உப்புத் தீர்ந்தால் இரும்பு கலந்த தண்ணீர் நேரே வரும். அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணியை குளோரின் ப்ளீச் போட்டுத் துவைத்தால் துரு துணியிலேயே பிடித்து ஆரஞ்சுக் கறையாகிவிடும். மருமகளின் வெள்ளைச் சட்டை அப்படிப் போனால் வருஷக்கணக்கில் பேச்சு ஓடும்.

புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை வருகிறதென்றால் கிணற்றுத் தண்ணீரை நைட்ரேட்டுக்குச் சோதித்தே ஆக வேண்டும். உரம் போடும் வயல்களுக்கு நடுவே ஆழமில்லாத கிணறுகளில் நைட்ரேட் ஏறுவது சகஜம். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், நைட்ரஜன் கணக்கில். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். தோல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அயோவாவில் தனியார் கிணறுகளைக் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) சுகாதாரத் துறை மூலம் இலவசமாகச் சோதித்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். நேரமில்லையென்றால் குழந்தையின் பாலுக்கு மட்டும் கடைத் தண்ணீர் வாங்கி வையுங்கள்.

வெந்நீர்

50 கேலன் ஹீட்டரில் சூடு குறையாமல் கிடைப்பது சுமார் 35 கேலன். நிமிஷத்துக்கு 2 கேலன் விடும் ஷவரில் பத்து நிமிஷம் நின்றால் 20 கேலன் செலவு. அதில் வெந்நீர் பங்கு சுமார் 14. ஆக மூன்றாவது ஆள் பாதியிலேயே கத்துவார். மின்சார ஹீட்டர் என்றால் மீண்டும் சூடேற மணிக்கு 20 கேலன் சொச்சம், புரொபேன் ஹீட்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். வெப்பத்தை 140 டிகிரிக்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், பேரப்பிள்ளைகள் கை வெந்துவிடும். 120 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே விடுங்கள். பிள்ளைகளை ராத்திரியும் பெரியவர்களைக் காலையும் குளிக்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரமும் வாஷிங் மெஷினும் குளியல் நேரத்தில் ஓடக் கூடாது. விடியற்காலை மாட்டுக்கொட்டகைக்குப் போகிறவருக்கு முதல் உரிமை.

சூடு

முற்றத்தில் நிற்கும் வெள்ளை புரொபேன் காஸ் டேங்க் 500 கேலன் என்று பேர். நிரப்புவது 80 சதவீதம், அதாவது 400 கேலன். மீட்டர் 25 சதவீதம் என்று காட்டினால் மிச்சம் 125 கேலன். மணிக்கு 80,000 பி.டி.யு. (வெப்ப அலகு) எரிக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கடும் குளிரில் நாளில் பாதி நேரம் ஓடினால், ஒரு கேலனுக்கு சுமார் 91,500 பி.டி.யு. என்ற கணக்கில் பத்து கேலனுக்கு மேல் தீரும். வெந்நீரும் அடுப்பும் தனி. வழக்கமான சுற்றில் லாரி தானே வந்து நிரப்பும் ஒப்பந்தம் இருந்தால் சரி. கூப்பிட்டால்தான் வருவார்கள் என்றால் 30 சதவீதத்திலேயே கூப்பிடுங்கள். பண்டிகை நாளில் அவசரமாக வரவழைத்தால் கூடுதல் கட்டணம். டேங்க் முழுக்கக் காலியாகிவிட்டால் கசிவுச் சோதனை செய்து, அணைந்த பைலட் சுடர்களை ஒவ்வொன்றாக ஏற்றிய பிறகே வீடு சூடாகும்.

மாடி அறைகளின் காற்றுத் துளைகளை மூடி வைத்திருந்தால் இரண்டு நாள் முன்பே திறந்துவிடுங்கள். சுவரும் மெத்தையும் சூடேற நேரம் பிடிக்கும். ஃபர்னஸ் ஃபில்டரை அன்றே மாற்றிவிடுங்கள்.

தனி ஹீட்டர் வைக்கிறீர்களா? 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டில் இரண்டு படுக்கையறைகள் ஒரே 15 ஆம்பியர் ப்ரேக்கரில் இருப்பது வழக்கம். பக்கத்து அறையில் மகள் ஹேர் டிரையரைப் போட்டதும் மாடி முழுக்க இருட்டு. ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு ஹீட்டர்தான். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகவே கூடாது, போர்வை திரையிலிருந்து மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் படுக்குமிடத்துக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

குளிரில் குழாய் உறையாமலிருக்கச் சிங்க்கில் தண்ணீரைச் சொட்ட விடுவார்கள். செப்டிக் வீட்டில் இது ஆபத்து: சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர் வெளிக்குழாயில் அடுக்கடுக்காக உறைந்து அடைத்துவிடும். சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அறைச் சூட்டை உள்ளே விடுவது மேல்.

மின்சாரம் போனால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும், கழிப்பறை ஓடாது. பனிப்புயல் எச்சரிக்கை வந்ததுமே ஐந்து கேலன் வாளிகள் இரண்டு மூன்றை நிரப்பிக் குளியலறையில் வையுங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெளியே. கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே வைக்கக் கூடாது.

படுக்கை

அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுக்குள் வரும். யாரும் படுக்காத மெத்தை அவற்றுக்குச் சொர்க்கம். விரிப்பை எடுத்து மெத்தையின் ஓரத் தையல், கட்டிலுக்கு அடி, அலமாரி மூலை மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை இருந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; தூசியோடு ஹான்டா வைரஸ் மூச்சில் ஏறக்கூடும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிஷம் ஊற விட்டு, கையுறையோடு தாளால் துடைத்தெடுங்கள். சோயா அறுவடையோடு ஜன்னலில் மொய்க்கும் ஆசியப் பொறிவண்டுகளை நசுக்கினால் மஞ்சள் கறையும் நாற்றமும்தான் மிச்சம். வேக்குவமால் உறிஞ்சிவிடுங்கள்.

காற்று மெத்தையில் படுப்பவருக்கு மேலே எத்தனை போர்த்தினாலும் குளிரும், ஏனென்றால் குளிர் அடியிலிருக்கும் காற்றிலிருந்து வருகிறது. மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு கம்பளியை விரித்தால் தீர்ந்தது. படுக்கும் முன் மறுபடி கொஞ்சம் ஊதுங்கள். சூடான அறையில் ஊதியது ராத்திரி குளிர்ந்ததும் தளரும்.

பேஸ்மென்டில் படுக்க வைப்பதானால் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் இருக்க வேண்டும். கட்டட விதிகளில் வழக்கமான அளவு: திறப்பு குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், தரையிலிருந்து விளிம்பு 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மொத்தத் திறப்பும் 5.7 சதுர அடி வேண்டும். வெளியே ஜன்னல் குழியில் பனி நிரம்பிக் கிடந்தால் ஜன்னல் இருந்தும் பயனில்லை, அள்ளிவிடுங்கள்.

பரணில் இருக்கும் பழைய தொட்டிலை ஆசையாக இறக்குவார்கள். பக்கச் சட்டம் கீழே இறங்கும் வகை என்றால் அது வேண்டாம். குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011 ஜூன் முதல் அமெரிக்காவில் அந்த வகையை விற்கவே தடை. மடக்குத் தொட்டில் ஒன்றைச் சபைக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ இரவல் வாங்குங்கள்.

வழி

அயோவாவில் "லெவல் பி" என்று பலகை வைத்த மண்சாலைகள் உண்டு. கவுன்ட்டி பேருக்குத்தான் பராமரிக்கும், உன் பொறுப்பில் போ என்பதே பலகையின் கருத்து. ஜி.பி.எஸ்.ஸுக்கு அந்தப் பலகை தெரியாது. குறுக்குவழி என்று காட்டும். மழையிலோ பனி உருகும்போதோ கார் அச்சு வரை புதைந்துவிடும். கடைசி ஐந்து மைலுக்கு நீங்களே வழி எழுதி அனுப்புங்கள்: எந்தத் தார்ச்சாலையில் திரும்புவது, அதிலிருந்து எத்தனை மைல், எந்தப் பக்கம் தானியக் குதிர். சாலைகள் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் கட்டினாற்போல ஓடுவதால் மைல் கணக்கு தப்பாது. வாசலில் வீட்டு முகவரி எண் காட்டும் 911 பலகையைப் பனி மறைத்திருந்தால் துடைத்துவிடுங்கள், ஆம்புலன்ஸுக்கும் அதுதான் அடையாளம்.

டெக்சஸிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ காரில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல் கட்டாயம்: கண்ணாடி கழுவும் திரவத்தை மாற்றச் சொல்லுங்கள். வெயில் ஊர்த் திரவம் இங்கே கண்ணாடியிலேயே உறைந்து பார்வையை மறைக்கும்; மைனஸ் 20 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும் குளிர்காலத் திரவம் வேண்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. காரில் போர்வை, மண்வெட்டி, ஒரு பை மணலோ பூனை மணலோ, டார்ச், தின்பண்டம். பனியில் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. புகைக்குழாய் வாயைத் தோண்டித் திறந்துவிட்டு, மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் அந்தந்த மாநிலத்தின் 511 சாலைநிலைத் தகவல் சேவையைப் பார்த்தாக வேண்டும். "எப்படியாவது வந்துவிடு" என்று மட்டும் போனில் சொல்லாதீர்கள். இன்டர்ஸ்டேட் 80, 35 இரண்டுமே புயலில் மூடப்படும் சாலைகள்.

நவம்பர் மான்கள் இணைசேரும் காலம். அந்தி மயங்கும் நேரமும் விடியற்காலையும் மோசம். குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். மானை இடித்தவர்களைவிட ஒடித்துப் பள்ளத்தில் கவிழ்ந்தவர்களுக்கே காயம் அதிகம். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும்.

மின்சாரக் காரில் வருகிறார்களா? சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 ஆம்பியர், அதாவது 1.4 கிலோவாட். நல்ல வானிலையிலேயே மணிக்கு நாலைந்து மைல்தான் ஏறும். கடுங்குளிரில் அந்த மின்சாரம் பேட்டரியைச் சூடாக வைத்திருப்பதிலேயே பெரும்பகுதி போய்விடும். பட்டறையில் வெல்டிங் மெஷினுக்கு 240 வோல்ட் பிளக் இருந்தால் அதன் படத்தை எடுத்து அனுப்புங்கள். பொருத்தமான அடாப்டரை அவர்கள் வாங்கி வரலாம். வெல்டிங் பிளக், கார் சார்ஜர் பிளக் இரண்டின் முனை வடிவமும் பெரும்பாலும் வேறு வேறு.

சாப்பாடு

வந்து சேரும் ராத்திரிக்கு எப்போது வந்தாலும் சூடாக இருக்கும் சமையல்தான் சரி. அயோவா, நெப்ராஸ்கா வீடுகளில் இதற்குச் சில்லி என்னும் கைமா-ராஜ்மா குழம்பும் சினமன் ரோலும். வெளியூர் மருமகன் முகத்தைச் சுளிப்பார், இரண்டாவது ரோலை எடுக்கும்போது சரியாகிவிடும். எட்டுப் பேருக்கு: 2 பவுண்டு மாட்டு கைமாவை இரண்டு பெரிய வெங்காயத்தோடு வறுத்துக் கொழுப்பை வடியுங்கள். ஆறு குவார்ட் ஸ்லோ குக்கரில் அதைப் போட்டு, ராஜ்மா இரண்டு டின், நறுக்கிய தக்காளி இரண்டு டின், தக்காளி சாஸ் ஒரு டின், சில்லிப் பொடி மூன்று மேசைக்கரண்டி, சீரகத்தூள் இரண்டு தேக்கரண்டி, உப்பு சேர்த்துக் குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். பிறகு "வார்ம்". காய்ந்த ராஜ்மாவை ஊற வைத்து நேரே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதிலுள்ள நச்சு அந்தச் சூட்டில் சாகாது. தனியாகப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும். கறி சாப்பிடாதவர் வருகிறார் என்றால் கைமாவுக்குப் பதில் இன்னும் இரண்டு வகை பயறு போட்டுச் சின்னக் குக்கரில் தனியாக வையுங்கள். "கறியை எடுத்துவிட்டுச் சாப்பிடு" என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது.

வான்கோழிக்குத் தலைக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு. எட்டுப் பெரியவர், நாலு குழந்தைகளுக்கு 16 பவுண்டு தாராளம். ஃபிரிட்ஜில் உறைபனி இளக 4 பவுண்டுக்கு ஒரு நாள். ஆகவே வியாழக்கிழமைச் சமையலுக்குச் சனி ராத்திரியே ஃபிரீசரிலிருந்து இறங்க வேண்டும். பலர் சறுக்குவது கராஜில் இருக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜில். கராஜே ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை ஓட விடாது. மேல்தட்டில் ஃபிரீசர் இளகும், கராஜ் இன்னும் குளிர்ந்தால் கீழே வான்கோழி கல்லாகவே கிடக்கும். அடுப்படி ஃபிரிட்ஜில் இடம் செய்துகொள்ளுங்கள். புதன் ராத்திரி இன்னும் உறைந்திருந்தால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி நேரம்.

325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், உள்ளே எதுவும் அடைக்காத 16 பவுண்டுப் பறவைக்கு நாலு மணி நேரம் வாக்கில் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள்: தொடையின் உட்பகுதி, மார்பின் கனத்த இடம் இரண்டிலும் எலும்பில் படாமல் குத்தி 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். எடுத்து இருபது நிமிஷம் ஆற விட்டால்தான் வெட்டும்போது சாறு ஓடாது.

ஓவனைக் காலியாக வைத்துக்கொள்ள 18 குவார்ட் மின் ரோஸ்டரில் வான்கோழியைப் போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் ரோஸ்டர் 1,450 வாட், அதாவது 12 ஆம்பியர். அதே வரிசை பிளக்கில் காப்பி மேக்கரும் ஸ்லோ குக்கரும் சேர்ந்தால் ப்ரேக்கர் விழும். விழுந்ததை யாரும் கவனிக்காமல் ஒரு மணி நேரம் போனால் சாப்பாடு சாயங்காலம்தான். ரோஸ்டரை சலவை அறையிலோ கராஜிலோ வேறு சர்க்யூட்டில் வையுங்கள்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் ஃபிரிட்ஜுக்கு. நாலு நாளுக்குள் தீர்க்க வேண்டும். குளிர்கிறதே என்று போர்ச்சில் வைத்தால் மதிய வெயிலில் சூடாகும், ராத்திரி ரக்கூன் வரும்.

பேரப்பிள்ளைகளும் தொழுவமும்

நகரத்துக் குழந்தைக்குத் தானியக் குதிர் மணல் மேடு மாதிரி தெரியும். தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதில் கால் வைத்தால் சில நொடிகளில் இடுப்பு வரை இழுத்துவிடும், பெரிய ஆளாலும் தூக்க முடியாது. குதிரின் ஏணியையும் கதவையும் பூட்டுங்கள், டிராக்டர்களின் சாவியை எடுத்துவிடுங்கள், தானியத்தை நகர்த்தும் ஆகர் திருகு ஓடும் நேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குள். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு இடத்தில். விஸ்கான்சினில் துப்பாக்கி மான்வேட்டை தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனியன்று தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். அங்கே காட்டோரம் நடக்கப் போகிறவர்கள் ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொள்ளட்டும்.

இவற்றைவிட அதிகம் தவறவிடப்படுவது தாத்தாவின் மாத்திரைப் பெட்டி. வாரக் கிழமை எழுதிய அந்தப் பெட்டியைக் குழந்தை எளிதில் திறந்துவிடும். மேசையிலிருந்து உயரத்துக்கு ஏற்றுங்கள், விருந்தாளிகளின் கைப்பைகளையும்தான். நஞ்சு உதவி எண் 1-800-222-1222, எந்த மாநிலத்திலும் வேலை செய்யும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

வளர்ந்தவர்களோடு

முப்பத்தைந்து வயது மகனுக்கு வேலை கொடுங்கள். சும்மா உட்கார வைத்தால் போனைப் பார்ப்பான். நீங்கள் அடுப்படியில் களைத்துப்போய் உள்ளுக்குள் புகைவீர்கள். "ஏதாவது செய்யேன்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "சனிக்கிழமை காலை டிபன் உங்கள் பொறுப்பு, முட்டையும் பேக்கனும் ஃபிரிட்ஜில் இருக்கிறது" என்று சொன்னால் நடக்கும். ஐந்தரைக்கு எழும் வீட்டில் காப்பி ஐந்தரைக்கே இறங்கட்டும், ஆனால் ஒன்பது மணிக்கு எழுகிறவரைப் பார்த்து "மத்தியானம் ஆச்சே" என்று சொல்ல வேண்டாம். லேப்டாப்பில் வேலை இருக்கிறவருக்குக் கதவு மூடும் ஓர் அறை, வைஃபை கடவுச்சொல் எழுதிய சீட்டு. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் எட்டாது என்றால் வைஃபை காலிங்கை வந்ததும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பரணில் இருக்கும் அவர்கள் பள்ளிக்கூட டிராபிகளையும் பெட்டிகளையும் "எடுத்துக்கொண்டு போ" என்று கிளம்பும் அன்று சொல்லாதீர்கள், காரில் இடம் இருக்காது. வந்த மறுநாளே ஒரு பெட்டியை மேசையில் வையுங்கள். வைத்துக்கொள்வது, கொடுப்பது, எறிவது என்று அவர்களே பிரிப்பார்கள்.

கிளம்பும்போது

ஃபிரீசரில் கோடையில் பக்குவப்படுத்திய இனிப்புச் சோளமும் வெட்டி உறைய வைத்த பன்றிக்கறியும் இருக்கும். கொடுக்காமல் யாரும் அனுப்புவதில்லை. காரில் போனால் ஐஸ்பெட்டியை இடைவெளி இல்லாமல் இறுக்கமாக நிரப்புங்கள், மேலே துண்டு போட்டு மூடுங்கள். விமானத்தில் போனால் கல்லாக உறைந்த உணவைக் கைப்பையில் கொண்டுபோகலாம், அதோடு வைக்கும் குளிர்ப் பையும் சோதனைச் சாவடியில் முழுதாக உறைந்திருக்க வேண்டும். பாதி இளகியிருந்தால் எடுத்துவிடுவார்கள். உலர் ஐஸ் என்றால் ஆளுக்கு 5.5 பவுண்டு, ஆவி வெளியேற வழியுள்ள பெட்டியில், விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி. ஜாம் பாட்டில் கைப்பையில் போகாது, அது திரவக் கணக்கு, 3.4 அவுன்ஸ்தான் வரம்பு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்துச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.